உப்புப் போடாத மாவு

தோசையை ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்ட ஹவில்தார் அண்ணாச்சி மெல்லுவதை நிறுத்திவிட்டார். மழை ஓய்ந்து தகரக் கூரை சொட்டிக்கொண்டிருந்த காலை நேரம் அது. கவிழ்த்த பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்திருந்தார். அடுத்த தோசையைத் திருப்பப் போன நான் அவர் முகத்தைப் பார்த்து, மண் ஏதும் கடித்துவிட்டதோ என்று பயந்தேன்.

“என்ன அண்ணாச்சி, மண்ணு இருக்கா?”

“இல்லம்மா. இன்னிக்குத்தான் உப்பு கரெக்டா இருக்குது. செண்பகம் போடற அளவு.”

சந்தோஷமாக இன்னும் இரண்டு தோசை வார்த்துப் போட்டேன். அவர் கை கழுவிவிட்டுப் போன பிறகு, மாவுப் பாத்திரத்தை மூடும்போதுதான் உப்பு ஜாடி கண்ணில் பட்டது. ஜாடி காலி. புதுப் பாக்கெட் அதன் பக்கத்தில் பிரிக்காமல் கிடந்தது. முந்தின நாள் மாலை உப்பு தீர்ந்துவிட்டது, காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன், காலையில் மழைச் சத்தத்தில் அது மறந்தே போனது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது.

அந்த மாவுக்கு நான் உப்பே போடவில்லை.

விரலால் மாவைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு இருந்தது. ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஸ்வெட்டரும் சட்டியும்

சுனாமிக்குப் பிறகு, போர்ட் பிளேருக்கும் தெற்கே தீவுக்கோடியில் இருக்கும் கேம்பல் பேயில் தகர ஷெட்டில் இருந்த காலத்தைப் பற்றி இந்தத் தொடரில் எழுத ஆரம்பித்ததிலிருந்து, “அங்கே என்னதான் சமைத்தீர்கள்?” என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கிடைத்ததைச் சமைத்தோம். வேறு என்ன செய்ய?

மெயின்லேண்டிலிருந்து நிவாரணப் பெட்டிகள் கப்பல் கப்பலாக வந்தன. மனசு நல்ல மனசுதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் வியர்வையில் முதுகு அவிந்துகொண்டிருக்கும் தீவில், தகரத்துக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு ஸ்வெட்டர் அனுப்பிய புண்ணியவான் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எனக்கு ஒரு ரோஸ் நிற ஸ்வெட்டர் கிடைத்தது. அதைக் கிழித்துச் சட்டி இறக்கும் துணியாக்கினேன். அத்தனை வருஷத்தில் அதைவிட நல்ல கரித்துணி எனக்கு அமைந்ததில்லை.

அரிசி ரேஷனில் வந்தது. உளுந்து கப்பல் வந்தால் உண்டு. தேங்காய்க்குப் பஞ்சமே இல்லை, கரையெல்லாம் ஒதுங்கிக் கிடந்தது. உடைத்துத் துருவிப் பால் பிழிந்து, அதைக் காய்ச்சி எண்ணெய் எடுத்துக்கொண்டோம். மண்ணைக் குழைத்து நானே அடுப்புப் போட்டேன். எல்லாமே முதலிலிருந்து. ஒரு கரண்டிக்குக்கூடப் பிடி இல்லாமல் மூங்கில் செருகி வைத்திருந்தேன்.

இல்லாதது ஒன்றுதான், மாவாட்ட ஒரு கல். மிக்ஸி இருந்தாலும் கரண்ட் இருக்காது. என் வீட்டுக்காரருக்கு வேலையே கரண்ட் ஆபீசில்தான். அந்த வெட்கக்கேட்டை அவரிடம் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது.

சுவருக்கு அந்தப் பக்கம்

செண்பகம் அக்கா ஹவில்தார் அண்ணாச்சியின் மனைவி. அண்ணாச்சி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, சர்க்கார் கொடுத்த நிலத்தில் குடியேறியவர். வேலூர்ப் பக்கம். நாங்கள் கோவில்பட்டி. பஜாருக்குக் கீழே கடலோரம் எங்கள் குவார்ட்டர்ஸும் அவர்கள் வீடும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டு அடுக்களைக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற சந்துதான்.

எங்களுக்குள் சண்டை என்றால் மாவுச் சண்டைதான். ஆட்டி முடித்ததுமே உப்புப் போட்டுக் கலக்க வேண்டும் என்பது என் கட்சி. பொங்கிய பிறகு காலையில்தான் போட வேண்டும், இந்தப் புழுக்கத்தில் ராத்திரியே போட்டால் புளித்து நாறிவிடும் என்பது அக்காவின் கட்சி. “உங்க ஊர்ல அப்படி, இங்க கடல் காத்துலயே பாதி உப்பு இருக்குதுடி” என்பார்.

ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி. மாவைக் கரண்டியால் கலக்கக் கூடாது, கையை விட்டு அடிவரை கலக்க வேண்டும். கைச்சூடு இறங்கினால்தான் மாவு பொங்கும். ஆளுக்கொரு கைராசி. அக்கா கலக்கிய மாவு, மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பூமி ஆடியதும் எல்லாரும் ரோட்டுக்கு ஓடி வந்தோம். என் வீட்டுக்காரர் பவர் ஹவுசுக்குப் போயிருந்தார். அண்ணாச்சி மீன் வாங்கப் படகு ஜெட்டிப் பக்கம் போனவர், அங்கிருந்தே மேட்டில் ஏறிவிட்டார். நானும் அக்காவும் பக்கத்து சர்தார்னி ஆன்ட்டியும் சேர்ந்து நின்றோம். ஆட்டம் நின்றது. ஆன்ட்டி, “ஊப்பர் சலோ” என்று எங்களை மேட்டுக்கு இழுத்தார். அக்கா மட்டும் கையை விடுவித்துக்கொண்டார்.

“மாவுப் பாத்திரம் உருண்டிருக்கும். நிமித்தி வெச்சுட்டு வந்துடறேன், நீங்க போங்க.”

மேட்டிலிருந்து நாங்கள் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. அக்கா வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

கடலுக்குள் ஓர் அடுக்களை

அலை வந்துவிட்டுப் போனது என்றுதான் வெளியூரில் நினைக்கிறார்கள். எங்கள் தீவில் நிலமே அமிழ்ந்துவிட்டது. வந்த கடலில் ஒரு பங்கு போகவே இல்லை. எங்கள் தெருவின் மேல் இறால் நீந்தியது. பட்டுப்போன தென்னைகள் தண்ணீருக்குள் சாம்பல் நிறத்தில் வரிசை மாறாமல் நின்றன. கடல் நன்றாக வற்றுகிற வேளையில் மட்டும் வீடுகளின் சிமென்ட் தரை வெளியே தெரியும். சுவர் கிடையாது, கூரை கிடையாது. ஆனாலும் இது என் வாசல், இது குளியலறை என்று காலால் தடவிச் சொல்லிவிடலாம்.

அண்ணாச்சி கடல் வற்றும்போதெல்லாம் அங்கே போய்விடுவார். தன் அடுக்களைத் தரையில், கணுக்கால் தண்ணீரில், பனியனும் அரை டவுசருமாக உட்கார்ந்திருப்பார். தூரத்திலிருந்து பார்க்க, சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற ஆள் போலவே இருக்கும்.

கேம்பல் பேக்காரர்களுக்குக் கடலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்ல ஒரு பாறை உண்டு. பாறையின் தலை நனைய ஆரம்பித்தால் கரையேற நேரம் தாராளமாக இருக்கிறது என்று கணக்கு. எங்கள் தெரு அமிழ்ந்த அளவுக்குப் பாறை அமிழவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. அண்ணாச்சியும் பழைய கணக்கிலேயே இருந்தார். பாறையின் தலை நனைந்தபோது அவருக்கு இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. கழுத்தளவு ஏறியும் அவர் எழுந்து வரவில்லை. என் வீட்டுக்காரரும் இன்னும் சில பேரும் நீந்திப் போய்த்தான் இழுத்து வந்தார்கள்.

“கணக்கு தப்பிடுச்சு” என்றார் கரையில். அவர் கண்ணைப் பார்த்த எனக்கு, தப்பியது கணக்கு மட்டும்தானா என்று சந்தேகம் வந்தது. சர்தார்னி ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டு, “பாகல் ஹோ கயா” என்றார். புத்தி பேதலித்துவிட்டதாம்.

பிறகு ஒரு நாள் அவரே வந்து, “தங்கச்சி, செண்பகத்தோட ஆட்டுக்கல்லு இன்னும் அங்கயே இருக்குது. தரையில சிமென்ட் வெச்சுப் பதிச்சது, அசையல. எடுத்துத் தரேன், நீ ஆட்டு. எனக்கு ரெண்டு தோசை கொடு, போதும்” என்றார்.

கடப்பாரை போட்டுப் பெயர்த்து, கயிறு கட்டி, கடல் வற்றிய நேரம் பார்த்துக் கொண்டுவந்தார்கள். குழவியை அண்ணாச்சி யாரிடமும் கொடுக்கவில்லை. தானே நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார்.

கல்லெல்லாம் பாசியும் சிப்பியும் அப்பியிருந்தது. சுரண்டினேன். புளி போட்டுத் தேய்த்தேன். தவிடு போட்டு ஆட்டிக் கொட்டினேன், அரிசி போட்டு ஆட்டிக் கொட்டினேன். மண் கடிப்பது நின்றது. அண்ணாச்சி தினமும் காலையில் சாப்பிட வர ஆரம்பித்தார். கடலுக்குப் போவது குறைந்தது.

அப்படி இருக்கும்போதுதான் உப்புப் போட மறந்த அந்தக் காலை.

இடப்பக்கம் சுற்றும் குழவி

நான் அவ்வளவு லேசில் பயப்படுகிறவள் இல்லை. கல் கடலில் ஊறியது, உப்பைக் குடித்திருக்கும், கக்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோதித்துப் பார்க்க அடுத்த மாவுக்கு வழக்கம்போல உப்புப் போட்டேன். வாயில் வைக்க முடியாத கரிப்பு. அதற்கடுத்ததற்குப் போடவில்லை. அளவாக இருந்தது.

கல்லைக் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் வைத்தேன். அந்த மழைக்காலம் முழுக்க அதன் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தது. குழியில் நிற்கிற மழைத்தண்ணீரை நக்கிப் பார்த்தேன். வெறும் தண்ணீர். அதே கல்லில் ஆட்டிய மாவில் உப்பு.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஷெட் முழுக்கக் கதை கட்டிவிடுவார்கள். சொல்லாமல் வைத்திருந்தது இன்னும் மோசம். மாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக விரலை விட்டு நக்கிப் பார்ப்பேன்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் ட்யூட்டி முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றார்.

“ஏட்டி, நீ எப்போ இடக்கையால ஆட்டப் பழகின?”

குனிந்து பார்த்தேன். என் இடக்கை குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தது. வலக்கை மாவைத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் பிறவியிலேயே வலக்கைக்காரி. கையை மாற்றினேன். குழவி முரண்டியது, நாலு சுற்றில் தோள் விட்டுப்போயிற்று. இடக்கைக்கு மாற்றினால் தானாகச் சுற்றியது.

அப்போதுதான் செண்பகம் அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. அக்காவுக்கு இடக்கைதான் வரும். சின்ன வயதில் வீட்டில் சூடு வைத்து மாற்றியிருக்கிறார்கள். ஆள் இருந்தால் வலது கை, தனியாக இருந்தால் இடது கை. சந்து வழியே ஒரு தடவை நான் பார்த்துவிட, “யாருகிட்டயும் சொல்லாதடி” என்று தழும்பைக் காட்டிச் சிரித்தார். இத்தனை வருஷம் இடக்கையால் ஆட்டி ஆட்டிக் குழி அந்தப் பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. காரணம் இவ்வளவுதான் என்று என் வீட்டுக்காரரிடம் விளக்கினேன். விளக்கி முடித்து, மீதி மாவையும் இடக்கையாலேயே ஆட்டி வழித்தேன்.

அண்ணாச்சியோ நாளுக்கு நாள் தெளிந்து வந்தார். சவரம் செய்துகொண்டார். ஒரு காலையில் தட்டைப் பார்த்துக்கொண்டே, “செண்பகம், சட்னி” என்றார். சொன்னது அவருக்கே தெரியவில்லை. நான் சட்னியை ஊற்றினேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை.

மெயின்லேண்டில் இருந்த அவர் மகன், காரியம் செய்ய வரட்டுமா என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தான். அண்ணாச்சி மறுத்துவிட்டார்.

“அவ கடல்ல இல்லம்மா. இங்க வந்துட்டா. தெனம் சாப்பிடறேனே, எனக்குத் தெரியாதா? அதான் நான் அங்க போறதில்ல.”

அன்று என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்தக் கல்லத் தூக்கிக் கடல்லயே போட்டுருவோம்” என்றார்.

“போட்டா அண்ணாச்சியும் பின்னாலயே போயிருவாருங்க” என்றேன்.

என் தோசைதான் அந்த மனிதரைக் கரையில் கட்டி வைத்திருந்தது. அது என் தோசையா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சி ஆட்டினார்

அந்தச் சமயத்தில்தான் போர்ட் பிளேருக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. இரண்டு வருஷமாக நான் சாமியிடம் கேட்ட மாற்றல். வந்தபோது சாப்பாடு இறங்கவில்லை. நாங்கள் கப்பல் ஏறிய மறுநாள் காலையில் அண்ணாச்சி எங்கே போய் உட்காருவார் என்று எனக்குத் தெரியும்.

நிறைய யோசித்தேன். கடைசியில் ஒரு மத்தியானம் அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

“அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க ஆட்டுங்க.”

“நானா? பட்டாளத்துல லங்கர் சமையக்கட்டுல வெங்காயம் உரிச்சிருக்கேன், அவ்வளவுதான். வீட்ல அடுப்பங்கரைப் பக்கமே போனதில்லம்மா.”

“நான் போயிருவேன். அப்புறம் யாரு ஆட்டித் தருவா? உக்காருங்க.”

முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வலக்கையால் குழவியைப் பிடித்துச் சுற்றினார். முரண்டியது. பலம் கொண்ட மட்டும் தள்ளினார். பட்டாளத்து உடம்பு, ஆனாலும் வியர்த்து ஊற்றியது.

“இன்னாம்மா இது, சுத்தவே மாட்டேங்குது.”

“இடக்கையால சுத்துங்க அண்ணாச்சி.”

மாற்றினார். குழவி வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏன் இப்படி?”

“அக்கா இடக்கையாலதான ஆட்டுவாங்க. கல்லு அதுக்குப் பழகிருச்சு.”

“செண்பகமா? இல்லம்மா. அவ சோத்துக் கையாலதான் எல்லாம் செய்வா.”

நான் குழியிலிருந்த மாவை ஒதுக்கிக் காட்டினேன். அவர் குழியைத் தடவினார். ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் மேடாகவும் தேய்ந்திருந்ததை விரலால் திரும்பத் திரும்பத் தடவினார். கல்யாணமாகிப் பேரன் எடுத்த மனிதர். தோள் குலுங்க அழுதார். நானும் அழுதேன். அழுது முடித்து, இடக்கையால் ஆட்ட ஆரம்பித்தார். மாவை வழித்ததும், கையை விட்டு அடிவரை கலக்கச் சொன்னேன். கலக்கினார். உப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பாத்திரத்தைத் தன் ஷெட்டுக்கே எடுத்துப் போனார்.

காலையில் தோசைக்கல்லோடு அங்கே போனேன். மாவு நன்றாகவே பொங்கியிருந்தது. வார்த்து முதல் தோசையை அவர் தட்டில் போட்டுவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சப்புனு இருக்குது” என்றார். “உப்பே இல்ல.”

நானும் ஒரு விள்ளல் வாயில் போட்டேன். துளிக்கூட உப்பு இல்லை. முதன்முறையாக, அந்தக் கல்லில் ஆட்டிய மாவு வெறும் மாவாக இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அண்ணாச்சி தோசையை முழுதாகத் தின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார், “அவ இதுல இல்லம்மா. எந்தக் கையால ஆட்டுவான்னுகூடத் தெரியாதவன் நானு. கடல்ல போய் எந்த செண்பகத்தத் தேடினேன்?”

எழுந்து உப்பு டப்பாவை எடுத்தார். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, கொஞ்சம் குறைத்து, மாவில் போட்டார். இடக்கையை விட்டுக் கலக்கினார்.

“காலையிலதான் போடணும்னு சொல்லுவா. அது மட்டும் தெரியும்” என்றார்.

மகன் அடுத்த கப்பலில் வந்தான். அமாவாசையன்று கரையில் காரியம் செய்தார்கள். அண்ணாச்சி அதன்பிறகு அந்தத் தரைக்குப் போகவில்லை என்று சர்தார்னி ஆன்ட்டி போன் செய்யும்போதெல்லாம் சொல்வார். மகனோடு மெயின்லேண்டுக்கும் போகவில்லை. தானே ஆட்டி, தானே வார்த்து, ஷெட்டில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். கல்லையும் அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். கப்பல் நகர்ந்தபோது தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது.

டாலிகஞ்ச்

போர்ட் பிளேரில் டாலிகஞ்சில் வீடு கிடைத்தது. காரை வீடு, குழாயைத் திறந்தால் தண்ணீர், முக்கால்வாசி நேரம் கரண்ட். என் வீட்டுக்காரர் புதுக் கிரைண்டர் ஒன்று வாங்கிப் போட்டார். அட்டைப்பெட்டி வாசனை போகாத கிரைண்டர். கடல் எந்தப் பக்கம் என்றே அங்கிருந்து தெரியாது.

முதல் மாவை ஆட்டி வழித்து, கையை விட்டுக் கலக்கி, மூடி வைத்தேன். பழக்கதோஷம், உப்புப் போடத் தோன்றவில்லை. காலையில் அவருக்கு ஆபீஸ் அவசரம். இரண்டு தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு மூன்றாவதைத் திருப்பும்போதுதான் ஞாபகம் வந்தது. உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பாதி தின்றிருந்தார்.

“ஐயோ, உப்பு இல்லைல்லா?”

“இருக்கே” என்றார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். “அளவா இருக்கு.”

ஜாடியை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனேன். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். விரலிடுக்கில், நகத்துக்குள், மணிக்கட்டுவரை கழுவினேன். கழுவி முடித்துத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், இவ்வளவு நேரம் நான் கழுவியது வலது கையை. மாவைக் கலக்கியது அது இல்லை.

இடது கை விரலை நாக்கில் வைத்துப் பார்க்க எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை.